படத்தை மூடினால் பாடம் வருமா?

"ஒண்ணாங்கிளாஸ்தான் படிக்கிறான். புத்தகத்தை எடுத்தா கடகடன்னு வாசிச்சுத் தள்ளிடுவான்!"

இப்படிச் சொல்லிப் பூரிக்காத அம்மா உண்டா? பூரிக்க வேண்டியதுதான். ஆனால், அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. 'மாடு புல் தின்கிறது' என்று எழுதியிருக்கும் பக்கத்தில் மாட்டுப் படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை திருதிருவென்று விழித்தாலோ, "மாடு புல்லு மேயுது" என்று தன் போக்கில் சொன்னாலோ, இதுவரை அவன் வாசித்தது எழுத்தை அல்ல, படத்தை!

பயப்பட வேண்டாம். சின்ன வயதில் பல பிள்ளைகளும் செய்வதுதான். ஆனால் அதையே வாசிப்பு என்று நம்பி விட்டுவிட்டால், படம் குறைந்து எழுத்து பெருகும் மூன்றாம், நான்காம் வகுப்பில் பிள்ளை தடுமாறும். கணக்கு தெரிந்தும், கேள்வியை வாசிக்கத் தெரியாமல் மார்க் போகும்.

இதற்கு நேர்மாறான பிள்ளையும் உண்டு. எழுத்துக் கூட்டித் தப்பில்லாமல் ஒப்பிக்கும். "என்னம்மா படிச்சே?" என்று கேட்டால் பதில் வராது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டும் திறமையை, மொழியைப் புரிந்துகொள்ளும் திறமையால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. இதில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

இரண்டையும் சேர்த்து வளர்க்க ஒரு சுலபமான விளையாட்டு இருக்கிறது. வாக்கியத்தை அதற்குரிய படத்தோடு ஜோடி சேர்ப்பது! படத்தையும் வாக்கியத்தையும் இணைத்துக் கற்பிப்பது பழைய வழிதான். கொமேனியஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் 1658-லேயே இதற்கென்று ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். நம் ஊரில், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படித்தார்கள். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். மல்லிகை விளையும் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இந்தப் பெயர்களை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை!

அட்டை செய்வது எப்படி?

காசு செலவழிக்க வேண்டாம். பழைய காலண்டர் அட்டையும் கல்யாணப் பத்திரிகையும் போதும். உங்களுக்கு வந்த அளவுக்குப் படம் வரையுங்கள். பிள்ளை கண்ணால் பார்த்த விஷயமாக இருக்கட்டும். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டுப் பிள்ளைக்குப் பனிமலை எதற்கு? கண்மாய், பருத்திச் செடி, ஆட்டுக்குட்டி, பூக்கட்டும் அப்பத்தா போதாதா?

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு படம் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது. மாட்டையும் பஸ்ஸையும் பக்கத்தில் வைத்தால், முதல் எழுத்தைப் பார்த்தே பிள்ளை சொல்லிவிடும்.

மூன்று படிகள்

முதல் படியில் ஒரு சொல் மட்டும் மாறட்டும். 'கண்மாயில் தண்ணீர் இருக்கிறது', 'கண்மாயில் தண்ணீர் இல்லை'. நம் ஊர்ப் பிள்ளை இரண்டையும் பார்த்திருக்கும்.

இரண்டாம் படியில் ஒரே ஓர் எழுத்து மாறட்டும். 'அம்மா குடத்தைக் கழுவினாள்', 'அம்மா கூடத்தைக் கழுவினாள்'. 'அக்கா மலையைப் பார்த்தாள்', 'அக்கா மாலையைப் பார்த்தாள்'. குறிலும் நெடிலும் அர்த்தத்தையே மாற்றிவிடும் என்று பிள்ளைக்குத் தானாகப் புரியும்.

மூன்றாம் படிதான் கெட்டிக்காரத்தனம். 'ஆடு நாயை விரட்டுகிறது', 'ஆட்டை நாய் விரட்டுகிறது'. இரண்டிலும் ஆடுதான் முதலில் வருகிறது. யார் யாரை விரட்டுகிறார்கள் என்பதை அந்தச் சின்ன 'ஐ'தான் சொல்கிறது. கடைசி வரை வாசிக்காமல் இதில் ஜெயிக்க முடியாது!

கவனிக்க வேண்டியவை

முதலில் வாக்கியத்தைக் கொடுங்கள். படங்கள் கவிழ்ந்தே கிடக்கட்டும். வாசித்து முடித்த பிறகு திருப்புங்கள்.

தப்பாக எடுத்தால் "மக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். "எந்த எழுத்தைப் பார்த்து இந்தப் படத்தை எடுத்தே?" என்று கேளுங்கள். சரியாக எடுத்தாலும் இதையே கேளுங்கள்.

வீட்டில் "வெரட்டுது" என்று பேசும் பிள்ளைக்கு 'விரட்டுகிறது' புதுச் சொல். "நாம வெரட்டுதுன்னு சொல்றதைப் புத்தகத்தில் இப்படி எழுதுவாங்க" என்று சொல்லிக் கொடுங்கள். பேச்சைக் கேலி செய்ய வேண்டாம்.

தினம் பத்து நிமிஷம் போதும். கொட்டாவி விட்டால் மூட்டை கட்டிவிடுங்கள்.

பிள்ளை அட்டையை மூக்கருகே கொண்டுபோகிறதா? கண்ணை இடுக்குகிறதா? தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறதா? சோம்பேறி என்று திட்டாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருப்பது பிள்ளைக்கே தெரியாது. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் சரிசெய்வது சுலபம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதையும் சோதியுங்கள்.

கடைசியில், படமே இல்லாத ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, "இதுக்கு நீயே ஒரு படம் போடு" என்று சொல்லுங்கள். ஆட்டுக்கு அஞ்சு கால் வரைந்தாலும் பரவாயில்லை. விரட்டுவது யார், ஓடுவது யார் என்பது சரியாக இருந்தால், உங்கள் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது. இப்போது தாராளமாகப் பூரிக்கலாம்!