கைக்குழந்தையின் இழுப்புக்கு நெபுலைசர் தேவையா?

சளி பிடித்த மூன்றாம் நாள் கைக்குழந்தையின் நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்டால் எந்தப் பெற்றோரும் அஞ்சுவர். அந்நிலையில் மருத்துவர், “நோய் லேசானதே, நெபுலைசர் வேண்டாம்” என்று கூறினால், உரிய சிகிச்சை மறுக்கப்பட்டதாகவே தோன்றக்கூடும். அம்முடிவுக்கான காரணத்தை அறிந்துகொள்வோம்.

நோயின் இயல்பு

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் இந்நோயை மருத்துவர்கள் ‘பிராங்கியோலைட்டிஸ்’ என்பர். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸே இதற்குக் காரணம். நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழல்கள் உட்புறம் வீங்கி, சளியால் அடைபடுகின்றன. ஆஸ்துமாவிலோ, குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவது முக்கியக் காரணமாகும். நெபுலைசரில் இடப்படும் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும் மருந்து. அது வீக்கத்தையும் சளியையும் நீக்குவதில்லை.

மருந்தைச் சோதித்த முறை

மருந்து கொடுத்த மறுநாள் குழந்தை தேறினால், அது மருந்தின் பயனா, நோய் தானே தணிந்ததா? ஒரு குழந்தையை மட்டும் பார்த்து இதனைக் கூற இயலாது. எனவே ஆய்வாளர்கள் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருந்தும், மற்றவர்களுக்கு உப்புநீர் போன்ற மருந்தற்ற திரவமும் அளித்தனர். யாருக்கு எது அளிக்கப்பட்டது என்பதைப் பெற்றோரும் மருத்துவரும் அறியாதவாறு பார்த்துக்கொண்டனர்.

இத்தகைய 30 ஆய்வுகளை, 1,992 குழந்தைகளின் விவரங்களுடன், காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2014இல் ஆராய்ந்தது. மருந்தினால் ஆக்சிஜன் அளவு உயரவில்லை. மருத்துவமனையில் சேர்க்கும் தேவையோ தங்கும் நாள்களோ குறையவில்லை. வெளிநோயாளிக் குழந்தைகளிடம் மூச்சுச் சிரமம் சற்றே குறைந்தது. அம்மாற்றம் மிகச் சிறியது. மறுபுறம், இதயப் படபடப்பும் நடுக்கமும் காணப்பட்டன.

கண்காணிப்புடன் மருந்தை ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம் என்று 2006இல் கூறிய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2014இல் அம்மருந்தே வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

• தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள்.
• மூக்கடைப்பு இருந்தால், மருத்துவர் கூறியபடி உப்புநீர்ச் சொட்டு இடுங்கள்.
• புகையிலைப் புகையும் அடுப்புப் புகையும் குழந்தையை அணுகாமல் காத்திடுங்கள்.
• பிற குழந்தைக்கு வாங்கிய மருந்தைத் தாமாகக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை சிரமம் மிகலாம். இருமல் அடங்க இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

வழக்கமான பாலில் பாதிகூடக் குடியாமை, மூச்சு இடையிடையே நிற்றல், விலா எலும்புகளின் இடையே குழி விழுதல், முனகல், உதடு நீலமாதல், அரை நாளாகச் சிறுநீர் கழியாமை, எழுப்பியும் விழிக்காத சோர்வு. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதய நோயுள்ள குழந்தை ஆகியோரைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து எழுதவில்லை என்பதனால் மருத்துவர் கவனிக்கவில்லை என்று பொருளன்று. உங்கள் விழிப்பான கண்காணிப்பே இந்நோய்க்கான சிகிச்சையின் பெரும்பகுதி.