மீல் மேக்கர் மேல் போட்ட பழி

நம்பிக்கை: தைராய்டு குறைவு உள்ளவர்கள் சோயாவைத் தொடவே கூடாது.

உண்மை: தைராய்டு ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே பல வீடுகளில், சோயாவில் செய்த மீல் மேக்கர் பாக்கெட் பரணுக்குப் போய்விடுகிறது. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் சோயா மாவுப் புட்டிப்பால் குடித்து வளர்ந்த சில குழந்தைகளுக்குக் கழுத்தில் கழலை வந்தது. அந்த மாவில் அயோடின் போதவில்லை. அயோடின் சேர்க்க ஆரம்பித்ததும் கழலையும் நின்றுவிட்டது.

சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன்கள், தைராய்டு ஹார்மோன் உருவாகத் தேவையான நொதியைச் சோதனைக்கூடத்தில் தடுக்கின்றன என்பதும் மெய்தான். ஆனால் முழு அளவு தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஹார்மோன் வருவதே மாத்திரையிலிருந்து. சுரப்பியில் நொதி தடைபட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? மாத்திரை குடலில் சரியாக உறிஞ்சப்படுகிறதா என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது.

மாத்திரை தொடங்காமல் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்கலாம். 2011இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அப்படிப்பட்ட 60 பேரில் 6 பேருக்கு சோயா எடுத்த காலத்தில் குறைபாடு முற்றியது. சிறிய ஆய்வுதான். அதற்காக வாரத்தில் ஒருநாள் வைக்கும் மீல் மேக்கர் குருமாவை விட வேண்டியதில்லை. மாதவிடாய் நிற்கும் வயதினருக்கு விற்கப்படும் ஐசோஃபிளேவோன் கேப்ஸ்யூலை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் விழுங்காதீர்கள்.

நம்பிக்கை: சோயா பால்தான் மாத்திரையைக் கெடுக்கும், காபி பரவாயில்லை.

உண்மை: இந்த வாதத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, ஆவி பறக்கும் ஃபில்டர் காபியோடு சேர்த்தே விழுங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் சோயாவைத் திட்டுகிறார்கள். தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் காபியும் குறைக்கும், பசும்பாலும் குறைக்கும். சோயாவும் அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவே. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டுக்கொண்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் அது நடக்காத வீடுகளில், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரத்துக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று: உங்கள் டோஸ், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டோடு சேர்ந்தே நிர்ணயமானது. திடீரென்று தினமும் சோயா பால் குடிக்கத் தொடங்கினாலோ, குடித்துவந்ததை நிறுத்தினாலோ, 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: பசும்பாலை விட்டுப் பாதாம் பால், ஓட்ஸ் பாலுக்கு மாறினால் தைராய்டு சரியாகும்.

உண்மை: ஆகாது. பசும்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாக மாறலாம். எதற்காக மாறுகிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும். புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது சோயா பால்தான். டப்பாவில் வரும் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டில் பிழியும் தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, கால்சியம் சொற்பம். கால்சியம் சேர்த்தது, சர்க்கரை சேர்க்காதது என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள்; அடியில் தங்கும் கால்சியம் கலக்க டப்பாவை நன்றாகக் குலுக்குங்கள். அந்தக் கால்சியமும் மாத்திரைக்கு இடைஞ்சல்தான் என்பதால் இடைவெளி இதற்கும் பொருந்தும்.

பசும்பாலோடு கொஞ்சம் அயோடினும் போய்விடும். அயோடின் உப்பு போடும் வீட்டில் கவலையில்லை. ஆனால் இந்துப்புக்கும் மாறியவர்கள் யோசிக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களை வைத்திருக்கும் தமிழ்நாடுதான், 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உப்பு பயன்படுத்தும் வீடுகளில் கடைசி இடத்தில் இருந்தது. அதற்காகக் கடற்பாசி மாத்திரை வாங்கவும் ஓடாதீர்கள். அளவு மீறிய அயோடினும் சுரப்பியைப் படுத்தும்.

பிறவியிலேயே தைராய்டு குறைவுள்ள கைக்குழந்தைக்கு மட்டும், சோயா விஷயத்தில் மேலே சொன்ன தளர்வு பொருந்தாது. சோயா புட்டிப்பால் கொடுத்தாலும் சரி, நிறுத்தினாலும் சரி, முன்கூட்டியே குழந்தை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டோஸை மாற்ற வேண்டிவரலாம்.