மழலையரும் மலசலகூடப் பழக்கமும்

எமது பள்ளியின் இலக்கண வகுப்பிலே இடக்கரடக்கல் என்னும் பாடம் வரும்போது மாணவர்கள் வாய்பொத்திச் சிரிப்பதுண்டு. பலர் முன்னிலையில் சொல்லத் தகாத ஒன்றைத் தகுந்த வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் இடக்கரடக்கல் ஆகும். நன்னூலார் இதனைத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தார். "கால் கழுவி வந்தான்", "ஒன்றுக்குப் போய் வந்தேன்" என்பன ஆசிரியர்கள் வழமையாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள்.

இவற்றை எம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதில் இலக்கணமாகக் கற்கின்றனர். ஆனால் இச்சொற்களின் தேவையோ இரண்டு வயதிலேயே வந்துவிடுகின்றது. தன் உடலின் தேவையை உணர்தல், அதனைப் பிறருக்குச் சொல்லுதல், உரிய இடம் செல்லும்வரை பொறுத்தல் ஆகிய மூன்றையும் குழந்தை ஒருங்கே கற்கவேண்டியுள்ளது. பிரித்தானியாவில் வாழும் எமது வீடுகளிலே இப்பாடம் தாய்மாருக்குக் கண்ணீரையும் குழந்தைகளுக்கு அச்சத்தையும் தருவதை நாம் கண்டுள்ளோம். ஆதலின் இம்மலரிலே இதனைப் பற்றி நாணாது எழுதத் துணிந்தோம்.

ஊர்ப் பழக்கமும் இங்குள்ள நிலையும்

"நாங்கள் ஒரு வயதிலேயே பழக்கிப்போட்டம். நீங்கள் இன்னும் நப்பி கட்டுறீங்களோ?" என்று தொலைபேசியில் அம்மம்மா கேட்பார். இக்கேள்வியால் மனம் நொந்த தாய்மார் பலர்.

அம்மம்மா சொல்வது பொய்யன்று. ஊரிலே தாயோ பேர்த்தியோ கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தன் பாதங்களின் மேல் இருத்தி, "உஸ்" என ஒலியெழுப்புவார். நாளடைவில் குழந்தையின் உடல் அவ்வொலிக்குப் பழகிவிடும். அதே வேளை, குழந்தையின் முகக்குறியைக் கண்டவுடன் தூக்கிச் செல்லப் பெரியவர்களும் பழகிவிடுவர். உண்மையில் அங்கு குழந்தையைக் காட்டிலும் பெரியவர்களே நன்கு பயின்றிருந்தனர். வெப்பமான காலநிலை, கழுவிவிடக்கூடிய தரை, வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று பெரியவர்கள் ஆகிய அனைத்தும் அதற்குத் துணைநின்றன.

இங்கோ நிலை வேறு. குளிருக்காக மூன்றடுக்கு உடை; தரையிலே கம்பளம்; தாயும் தந்தையும் வேலைக்குச் செல்ல, பிள்ளை நேர்சரியில். இந்நிலையில் குழந்தை தானே உணர்ந்து தானே சொல்லும் வயது வரும்வரை காத்திருத்தல் குறையாகாது. இரண்டும் அவ்வவ்விடத்துக்கு ஏற்ற முறைகளே.

உடல் எப்போது ஆயத்தமாகின்றது?

பிறந்த குழந்தைக்குச் சலப்பை நிறைந்ததும் சலம் தானாகவே வெளியேறிவிடும். சலப்பையின் வாயிலே இரண்டு சுருக்குத்தசைகள் உள்ளன. உட்புறத் தசை எமது விருப்பப்படி இயங்குவதில்லை. வெளிப்புறத் தசையையே நாம் இறுக்கவும் தளர்த்தவும் இயலும். சலப்பை நிறைந்த செய்தி மூளைக்கு எட்டி, மூளை அத்தசைக்குக் கட்டளையிடும் ஆற்றல் பெரும்பாலும் 18 மாதங்களின் பின்னரே படிப்படியாக முதிர்கின்றது.

பெரி பிரேசெல்ரன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 1,170 பிள்ளைகளைப் பற்றிய தமது ஆய்வை 1962ஆம் ஆண்டு வெளியிட்டார். வயதை மட்டும் நோக்காது, பிள்ளையின் ஆயத்தத்தை நோக்கிப் பழக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பிள்ளைகள் சராசரியாக 28 மாதங்களை அண்டியே பகலில் நனையாதிருக்கப் பழகினர். அண்டைவீட்டுப் பிள்ளை இரண்டு வயதிலும் எம் பிள்ளை மூன்று வயதிலும் பழகுவது இயல்பே.

ஆயத்தத்தின் அறிகுறிகள் சில: பகலிலே இரண்டு மணி நேரமாவது நப்பி நனையாதிருத்தல், நனைந்தபின் அதனைக் கழற்ற விரும்புதல், மலங்கழிக்கும்போது மூலையிலோ கதிரையின் பின்னாலோ ஒளிந்துகொள்ளுதல், "சப்பாத்தை எடுத்து வா" போன்ற எளிய சொற்களுக்கு இணங்குதல், தானே நடந்து சென்று அமர்ந்து எழுதல்.

முதலிற் சொல், பின்னர் இருக்கை

பெற்றோர் பலர் கடைக்குச் சென்று பொற்றி எனப்படும் சிறு இருக்கையை வாங்குவதோடு பயிற்சியைத் தொடங்குகின்றனர். அதற்கு முன்னரே தொடங்கவேண்டியது சொல். நப்பி மாற்றும்போதே, "இது சலம், இது கக்கா" எனப் பெயர் சொல்லிவருதல் வேண்டும். பெயரில்லாத உணர்வைக் குழந்தை எங்ஙனம் தெரிவிக்கும்?

எமது பெற்றோர் ஒருவர் கூறிய நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வருகின்றது. அவருடைய மகள் வீட்டிலே "சூ வருது" என்று அழகாகச் சொல்லப் பழகியிருந்தாள். நேர்சரிக்குச் சென்ற முதல் வாரத்திலே அவள் "சூ, சூ" என்று கூற, ஆசிரியை அன்போடு அவளுடைய சப்பாத்துகளைக் கொண்டுவந்து கொடுத்தாராம்! ஆங்கிலத்தில் அவ்வொலி சப்பாத்தையே குறிக்குமன்றோ? குழந்தை நனைத்துவிட்டு அழுதது. பின்னர் இரண்டு வாரங்களாக அவள் எவரிடமும் எதுவுமே சொல்லவில்லை.

இதற்காகத் தமிழ்ச் சொல்லைக் கைவிடவேண்டியதில்லை. குழந்தை வீட்டில் வழங்கும் சொற்கள் இரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதி, நேர்சரி ஆசிரியையிடம் முதல் நாளே கொடுத்துவிட்டால் போதும். அங்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லையும் வீட்டிலே விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம். அதுபோலவே, வீட்டிலே நீராற் கழுவிப் பழகிய பிள்ளைக்குக் கடதாசியாலே துடைக்கவும் காட்டிக்கொடுத்தல் நன்று.

நாளாந்தப் பயிற்சி

உணவு உண்டபின் பெருங்குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். ஆதலின் காலையுணவின் பின்னர் சில நிமிடங்கள் குழந்தையை இருத்துதல் பயன்தரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருத்திவைத்தல் வேண்டாம். பெரியவர்களின் இருக்கையைப் பயன்படுத்தின், பாதங்கள் தொங்காதவாறு கீழே சிறு பலகையொன்றை வைத்தல் அவசியம். பாதங்கள் ஊன்றியிருந்தாலே குழந்தையால் இலகுவாக முக்க இயலும். ஆண் பிள்ளைகளும் முதலில் அமர்ந்தே பழகலாம். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்கக் கற்பித்தல் வேண்டும். இது சலத்தொற்றைத் தவிர்க்க உதவும். ஈற்றிலே சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலையும் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கொள்ளல் வேண்டும்.

பொத்தானும் பட்டியும் உள்ள உடைகளை ஒதுக்கி, எளிதில் இறக்கக்கூடிய காற்சட்டைகளை அணிவியுங்கள். புதிய குழந்தை பிறந்த வேளையிலும் வீடு மாறும் வேளையிலும் இப்பயிற்சியைத் தொடங்காதிருத்தல் நலம். குழந்தை அடம்பிடித்தால் சில வாரங்கள் நிறுத்தி, மீண்டும் தொடங்கலாம்.

அதட்டினால் நேர்வது

இதுவே இக்கட்டுரையின் முக்கிய பகுதியாகும். தரையை நனைத்த குழந்தையை அதட்டினால் அது சலத்தை அடக்கக் கற்பதில்லை, அச்சப்படவே கற்கின்றது. அஞ்சிய குழந்தை மலத்தை அடக்கும். அடங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்ச, மலம் இறுகும். இறுகிய மலம் வெளியேறும்போது நோகும். அந்நோவுக்கு அஞ்சிக் குழந்தை மேலும் அடக்கும். இச்சுழற்சி நீடித்தால், இறுகிய மலத்தைச் சுற்றி நீர்போன்ற மலம் கசிந்து உள்ளாடையை அழுக்காக்கும். இதனை வயிற்றோட்டம் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணிப் பிள்ளையைத் தண்டித்த பெற்றோரும் உளர். அது பிள்ளையின் குற்றமன்று. வைத்தியரின் ஆலோசனையோடு மலச்சிக்கலை முதலில் நீக்கி, அதன் பின்னரே பயிற்சியைத் தொடரவேண்டும்.

இரவில் நனையாதிருத்தல் பகற்பயிற்சியின் வேறானது. இரவிலே சலம் சுரப்பதைக் குறைக்கும் ஓமோனும், நிறைந்த சலப்பையின் செய்தியால் விழித்தெழும் ஆற்றலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு காலத்தில் முதிர்கின்றன. ஐந்து வயதுக்கு முன்னர் படுக்கை நனைத்தலை நோயெனக் கருதுவதில்லை. ஆயினும், நன்கு பழகிய பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கி, அதனோடு மிகுந்த தாகமும் உடல் மெலிவும் காணப்பட்டால், அது நீரிழிவின் அறிகுறியாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்

மாணவர்களே, உங்கள் தம்பி தங்கையரின் தவறுகளை நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். நீங்களும் இப்பாடத்தைக் கற்றே இவ்வகுப்புக்கு வந்தீர்கள். அன்று உங்களைப் பார்த்து எவரும் சிரிக்காதிருந்திருந்தால் அது உங்கள் பேறு.

எம் முன்னோர் இடக்கரடக்கலை வகுத்தது கேட்போருக்குக் கூச்சம் நேராதிருக்கவேயாம். உடலைப் பற்றி வெட்கப்படுவதற்காக அன்று. அந்த மரியாதையை எமது வீட்டின் மிகச் சிறியவருக்கும் வழங்குவோமாக. நனைந்த தரையைத் துடைப்பது ஒரு நிமிட வேலை. நனைந்த கண்களைத் துடைக்க நெடுங்காலம் செல்லும்.

பயிற்சி வினாக்கள்

1. இடக்கரடக்கல் என்றால் என்ன? உங்கள் வீட்டில் வழங்கும் இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.
2. ஊரிலே குழந்தைகளைப் பழக்கிய முறையை உங்கள் பாட்டியிடம் கேட்டறிந்து ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
3. குழந்தை மலத்தை அடக்குவதால் ஏற்படும் சுழற்சியைப் படமாக வரைந்து விளக்குக.