நடந்தால் பிடிபடும் நகரம்

கேள்வி: ஜூன் மாதம் கோபன்ஹேகன் போகிறோம். ஊர் சுற்றிக்காட்டும் பேருந்துக்குச் சீட்டு வாங்கலாமா, நடந்தே பார்த்துவிடலாமா?

பதில்: நடப்பதே மேல். 1962-இல் கார்களை விலக்கிய ஸ்ட்ரோயெட் கடைவீதி, நகரமன்றச் சதுக்கத்தில் தொடங்கிச் சுமார் 1.1 கி.மீ. நீள்கிறது. அது முடியும் இடத்திலிருந்து, வண்ண வீடுகள் வரிசைகட்டிய நியூஹாவன் கால்வாய் கூப்பிடு தூரம். அமாலியன்போர்க் அரண்மனை இன்னும் சில நிமிடம். முக்கியமானவை இப்படி அடுத்தடுத்து இருக்கும் ஊரில் பேருந்து நேரத்தை மிச்சப்படுத்தாது. சந்துகளையும் முற்றங்களையும்தான் மறைத்துவிடும். ‘ஒரே பகலில் முடியுமா, கால் தாங்குமா?’ என்பீர்கள். ஜூனில் பொழுது சாய இரவு பத்து மணியை நெருங்கிவிடும். உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம். 1913-இல் நிறுவிய கடற்கன்னி சிலை மட்டும் சற்றுத் தள்ளி இருக்கிறது. பெரியவர்கள் உடன் வந்தால் அதைக் கால்வாய்ப் படகிலிருந்தே காட்டுங்கள். மழைக்கு ஒரு கோட்டு போதும்.