காணி கேட்காத பூங்கொடி

வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் யாராவது ஒரு தாய் கேட்பார்: “தோட்டம் செய்யச் சொல்கிறீர்கள். வளவு எங்கே?” நியாயமான கேள்வி. பத்துப் பரப்பில் வெங்காயம் செய்த குடும்பம் இன்று உறவினர் வீட்டு விறாந்தையிலோ, ஒற்றை அறைத் தகரக் கொட்டிலிலோ இருக்கிறது. முற்றம் பிறருடையது. எத்தனை காலம் அங்கே இருப்போம் என்பதும் தெரியாது. கீரையையும் மிளகாயையும் சாக்கில் வளர்க்கலாம். முதல் தண்ணீர் அவற்றுக்கே. அதன்பின் கிழமைக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் மிஞ்சினால், ஹோயா என்ற பூங்கொடியை வளர்த்துப் பாருங்கள்.

இது எருக்கின் இனத்தது. தண்டை ஒடித்தால் பால் வரும். 1810ஆம் ஆண்டில் றொபேட் பிறவுண் என்ற தாவரவியலாளர், தோமஸ் ஹோய் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் நினைவாக இப்பெயரை இட்டார். பெயர் அந்நியமாயினும் கொடி முற்றிலும் அந்நியமானதல்ல. இலங்கைக் காடுகளிலும் சில ஹோயா வகைகள் மரங்களில் தொற்றி வளர்கின்றன. மரத்தில் தொற்றி வாழும் பழக்கத்தால் அதற்கு நிலம் தேவையில்லை. கொஞ்சம் மட்டையும் காற்றும் போதும்.

வீடுகளில் பெரும்பாலும் காண்பது தடித்த பச்சை இலைகளையுடைய ஹோயா கார்னோசா. இது குளிர்ந்த இடங்களில் நன்றாகப் பூக்கும். வெப்பமான ஊர்களுக்கு, இலையில் வெள்ளிப் பொட்டுகள் தெளித்தாற்போல் உள்ள பியூபிகாலிக்ஸ் என்ற பிலிப்பைன்ஸ் வகை ஏற்றது. கடைகளில் இதயவடிவ இலை ஒன்றை மட்டும் சிறு சாடியில் ஊன்றி விற்பார்கள். அதை வாங்கி ஏமாற வேண்டாம். தனி இலை வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் பச்சையாக நிற்கும்; கணு இல்லாவிட்டால் கொடி ஓடாது.

காசு கொடுக்காமல், வளர்ப்பவரிடம் ஒரு தடி கேட்பதே நல்லது. இரண்டு கணுவுள்ள துண்டை வெட்டி, பால் காயும்வரை ஒரு மணித்தியாலம் நிழலில் வையுங்கள். பால் கண்ணில் படக்கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வெற்றுப் பால்மாப் பேணியின் அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை இடுங்கள். சிறிதாக வெட்டிய பொச்சுமட்டை, உடைத்த சிரட்டைக்கரி, ஓட்டுத் துண்டு இவற்றை நிரப்பிக் கீழ்க் கணுவைப் புதையுங்கள். வயல் மண்ணை மட்டும் போட்டால் தண்ணீர் தங்கி வேர் அழுகும். மூன்று, நான்கு கிழமைகளில் வேர் பிடிக்கும்.

பெரிய சாடிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இக்கொடி பூக்க முன்வரும். இடம் போதாத வீட்டுக்கு இதைவிடத் தோதான குணம் வேறென்ன?

காலை வெயில் படும் யன்னலோரமோ வாசற்பக்கமோ கம்பியில் தொங்க விடுங்கள். தகரக் கூரைக்கு மிக அருகில் வேண்டாம். நண்பகல் வெக்கையில் இலை கருகும். இருட்டு மூலையில் கொடி சாகாது, ஆனால் பூக்காது. தண்ணீர் விடுமுன் முதிர்ந்த இலையை மெல்ல மடித்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் விடாதீர்கள். வெற்றிலைபோல் மடிந்தால் விடலாம். மாரியில் மழை படாமல் உள்ளே எடுங்கள். எருக்கில் மொய்க்கும் மஞ்சள் அழுக்கணவன் இதிலும் வரும். வெள்ளைப் பஞ்சுபோன்ற பூச்சியும் கணுவில் ஒட்டும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

பூவுக்குப் பொறுமை வேண்டும். தடியில் வளர்ந்த கொடி பூக்க இரண்டு, மூன்று வருடமும் செல்லலாம். முதலில் இலையில்லாத நீண்ட நுனிகள் வெளியே நீளும். காய்ந்த கொடி என்று எண்ணி வெட்டாதீர்கள். இலை பிறகு வரும். பின்னர் குடைபோல் ஒரு பூக்கொத்து, மெழுகில் வார்த்த சிறு நட்சத்திரங்களாக விரியும். பகலில் மணம் குறைவு. விளக்கணைத்துப் படுத்த பிறகு வீடு முழுவதும் மணக்கும். பூவில் தேன் துளியும் நிற்கும், தொட்டு நக்கிப் பார்க்காத பிள்ளை இல்லை.

பூ உதிர்ந்ததும் குட்டையான மொட்டைக் காம்பு ஒன்று எஞ்சும். என் முதற் கொடியில், அழகு செய்வதாக நினைத்து அதை நான் நறுக்கிவிட்டேன். அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூ வரும் என்பது அப்போது தெரியாது. புதுக் காம்புக்காக நெடுங்காலம் காத்திருந்தேன்.

மொட்டுள்ள கொடியை இடம் மாற்றினால் மொட்டு உதிரும். ஆனால் வீடே மாறும்போது வேறு வழியில்லை. பேணியைத் தூக்கிச் செல்ல முடியுமாயின், கொடியை வளையமாகச் சுற்றிக் கட்டுங்கள். முடியாவிட்டால் இரண்டு தடியை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் வாயை இறுக்காமல் வையுங்கள். நிழலில் சில நாள் தாங்கும். போன இடத்தில் ஒரு பேணியும் கொஞ்சம் மட்டையும் கிடைத்ததும் ஊன்றுங்கள்.