பாதி போய்ப் பாதி சிக்குமா?

பிட்காயினின் லைட்னிங் நெட்வொர்க்கில் ஒரு தொகையைப் பல துண்டுகளாக்கி, வெவ்வேறு வழிகளில் அனுப்பலாம். இதைச் சொன்னதும் எழுகிற பயம் ஒன்று: ஐந்தில் மூன்று துண்டு போய்ச் சேர்ந்து, இரண்டு நடுவழியில் நின்றுவிட்டால்?

நம்பிக்கை: போன மூன்றும் போனதுதான்.

உண்மை: ஐந்துக்கும் பூட்டு ஒன்றே, ஒரே ஹேஷ். அதைத் திறக்கும் ரகசிய எண் பணம் பெறுபவரிடம் இருக்கிறது. முழுத்தொகை வரும்வரை அவருடைய மென்பொருள் அதை வெளியே விடாது. குறைந்தது 60 விநாடி காத்திருந்து, மிச்சம் வராவிட்டால் வந்ததைத் திருப்பிவிடும். ஆசைப்பட்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால்? பணம் அனுப்பியவர் கைக்கு ரகசிய எண் வந்துவிடும். முழுப் பணமும் கட்டியதற்கு அதுவே ரசீது. நட்டம் பெறுபவருக்குத்தான். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது. இடையில் ஒரு கணினி பதில் சொல்லாமல் போனால் பணம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் முடங்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. காலக்கெடு முடிந்ததும் திரும்பிவிடும்.

நம்பிக்கை: பொடிப்பொடியாக்கினால் கட்டாயம் போய்ச் சேரும்.

உண்மை: இந்த வழிகள், இருவரிடையே பணம் போட்டுத் திறந்த சேனல்களால் ஆனவை. பொதுவில் அறிவித்த ஒரு சேனலின் மொத்தக் கொள்ளளவு எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பது அதன் இரு முனைகளுக்கு மட்டுமே தெரியும். 10 லட்சம் சடோஷி (பிட்காயினின் சிறு அலகு) கொள்ளும் சேனலில் இருப்பு எந்த அளவிலும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 9 லட்சம் கடக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அதே அளவுள்ள ஒன்பது சேனல்களில் லட்சம் லட்சமாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 90 சதவீதம். ஆனால் ஒன்பதும் ஒரே முயற்சியில் கடக்க 39 சதவீதம்தான்! சிக்கிய துண்டை மட்டும் வேறு வழியில் அனுப்பலாம் என்பதில்தான் லாபம். ஒன்பதையும் ஒரே சேனலில் தள்ளினால் பழைய 10 சதவீதமே. துண்டு கூடக் கூட, வழியில் வாங்கும் அடிப்படைக் கட்டணமும் கூடும். எந்த வழியில் எவ்வளவு என்பதை 2021இல் ரெனே பிக்ஹார்ட்டும் ஸ்டெஃபான் ரிக்டரும் நிகழ்தகவுக் கணக்காக்கித் தீர்த்துக் காட்டினார்கள்.

நம்பிக்கை: பிரித்து அனுப்பினால் யாருக்கும் தெரியாது.

உண்மை: பூட்டு ஒன்றே என்பதால், இரண்டு துண்டைக் கண்டவர் அவை ஒரே பணம் என்று சொல்லிவிடுவார். 2018இல் ஒலாலுவா ஒசுன்டோகுனும் கானர் ஃப்ராம்க்னெக்டும் முன்வைத்த ஏ.எம்.பி. முறையில் துண்டுக்கு ஒரு பூட்டு. ஆனால் அங்கே ரகசியத்தை உண்டாக்குவதே அனுப்புபவர். ஆகவே அந்த ரசீது அவருக்குக் கிடைக்காது.