வண்டி வீட்டுக்குச் சூடு

ஜெர்மனியில் சிலர் வேனையே வீடாக்கிக்கொண்டு பயணம் போவார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் வண்டிக்குள் இருக்கும். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். அதனால் வண்டிக்குள் கேஸ் ஹீட்டர் பொருத்துகிறார்கள்.

நம் சமையல் கேஸ் போன்றதுதான். ஆனால் அடுப்பைப் போல அறைக்குள் எரியாது. மூடிய பெட்டிக்குள் எரியும். பெட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் வண்டிக்கு வெளியே போகும். ஒன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மற்றது புகையை வெளியே தள்ளும். பெட்டி சூடாகும். சின்ன மின்விசிறி ஒன்று அறைக் காற்றைச் சூடான பெட்டியின்மேல் ஓடவிடும். அறை கதகதப்பாகும். நெருப்பின் காற்று வேறு, ஆள் மூச்சுவிடும் காற்று வேறு. இரண்டும் கலக்கவே கூடாது.

கலந்தால்? புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கலாம். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும். நமக்குத் தெரியட்டும் என்றே அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். இந்த நச்சுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் தலை வலிக்கும், வாந்தி வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். எனவே நச்சு வாயு வந்தால் சத்தம் போடும் கருவி ஒன்றையும் வண்டிக்குள் மாட்டுவார்கள்.

தரையில் துளை போடுமுன் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். துளைக்கு நேர் கீழே பிரேக் குழாய் இருக்கலாம், டீசல் டேங்க் இருக்கலாம். புகைக்குழாயின் வாய் ஜன்னலுக்கு அடியில் வரக் கூடாது. கேஸ் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது ஆபத்து.

பனி கொட்டினால் புகைக்குழாயின் வாய் அடைபடும். பனியைத் தட்டிவிட்ட பிறகுதான் ஹீட்டரைப் போட வேண்டும்.